நகச் சொத்தைக்கு மாத்திரையா, பாலிஷா, லேசரா?

கால் கட்டைவிரல் நகம் மஞ்சளாகித் தடித்து, ஓரம் மாவு மாவாக உதிர ஆரம்பித்தால் நம்ம பக்கத்தில் ஆட்கள் போகும் வரிசை ஏறக்குறைய ஒன்றுதான். முதலில் மஞ்சளும் வேப்பெண்ணெயும். அப்புறம் மெடிக்கலில் கேட்டு ஒரு களிம்பு. அது கேட்கவில்லை என்றால் பார்லரில் பெடிக்யூர். வீட்டில் கல்யாணம் வந்துவிட்டால் கோயமுத்தூரில் ஏதாவது ஒரு ஸ்கின் கிளினிக்கில் லேசருக்கு விலை விசாரிப்பு. இத்தனையும் பார்த்துவிட்டு, கடைசியில் தோல் டாக்டர் எழுதிய சீட்டோடு எங்கள் லேபுக்கு வருவார்கள். ஈரோட்டில் ஒரு லேபில் எனக்கு வேலை. ரத்தம் எடுப்பது போலவே நகம் சுரண்டி மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பதும் அதில் சேர்த்தி. சேரில் உட்காரும்போதே கேட்டுவிடுவார்கள்: "ஏனுங்க, இதுக்கு மாத்திரை நல்லதுங்களா, லேசர் நல்லதுங்களா?"

மருந்து எழுதுவது டாக்டர் வேலை, அதற்குள் நான் போகவில்லை. ஆனால் எந்த வழி யாருக்கு ஆகும், எத்தனை மாதம் இழுக்கும், எவ்வளவு நம்பலாம் என்று தெரிந்துகொண்டு டாக்டர் முன்னால் உட்கார்ந்தால் பேச்சு சீக்கிரம் முடியும், பணமும் மிச்சமாகும். நகத்தை முடித்துவிட்டு, படர்தாமரை, மரு, முகத்தில் பழுப்புத் திட்டாக வரும் மங்கு ஆகியவற்றுக்கும் கடைசியில் வருகிறேன்.

மாத்திரையா லேசரா என்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது, இது பூஞ்சைதானா என்று. கெட்டுப்போன நகங்களில் பாதியளவுதான் பூஞ்சையால் வருவது. மீதியில் சொரியாசிஸ் இருக்கிறது, லைக்கன் பிளானஸ் என்ற தோல் நோய் இருக்கிறது, செருப்போ ஷூவோ இடித்து இடித்து வந்த காயம் இருக்கிறது, வெறும் வயதும் இருக்கிறது. சொரியாசிஸ் நகத்தில் குண்டூசியால் குத்தின மாதிரி சின்னக் குழிகள் விழும், அடியில் எண்ணெய் சொட்டினாற்போல் ஒரு பழுப்புத் திட்டு தெரியும். பெருந்துறை சிப்காட்டில் நாள் முழுக்க கெட்டியான ஷூ போட்டு நிற்கிறவருக்கு இரண்டு கட்டைவிரலும் ஒரே அச்சாகத் தடித்திருந்தால், ஷூவின் முனையைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். இவர்களுக்கெல்லாம் 3 மாதம் பூஞ்சை மாத்திரை கொடுத்தால் நகம் நகமாகவே இருக்கும், கல்லீரலுக்குத்தான் வீண் வேலை.

ஒன்றுக்கு மட்டும் காத்திருக்கக் கூடாது. ஏதாவது ஒரே நகத்தில் புதிதாகக் கறுப்புக் கோடு விழுந்து அகலமாகிக்கொண்டே வந்தாலோ, அந்தக் கறுப்பு நகத்தை ஒட்டிய தோலுக்கும் இறங்கினாலோ உடனே தோல் டாக்டரிடம் காட்ட வேண்டும். நகத்தடியில் வருகிற புற்றுநோய் அப்படித்தான் ஆரம்பிக்கும். நம் நிறத்தவர்களுக்குப் பல விரல்களில் மெல்லிய பழுப்புக் கோடுகள் இயல்பாகவே இருப்பதுண்டு, அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

டெஸ்ட் பெரிய வித்தை ஒன்றுமில்லை. நகத்தை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, சதையை விட்டுத் தூக்கி நிற்கும் பகுதியை முதலில் வெட்டி எடுத்துவிடுவோம். நுனியில் இருக்கும் உதிரி மாவை நம்ப முடியாது, அதில் செத்த பூஞ்சையும் ஊர் அழுக்கும்தான் அதிகம். நல்ல நகமும் கெட்ட நகமும் சந்திக்கிற எல்லைக்கு அடியில் பிளேடை விட்டுச் சுரண்ட வேண்டும். கறுப்புக் காகிதத்தில் விழும் அந்த வெள்ளைப் பொடியை ஸ்லைடில் வைத்துப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விடுவோம். தோல் செதிலாக இருந்தால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் தெளிந்துவிடும். நகம் கெட்டி, ஒரு மணி நேரத்துக்கு மேலும் இழுக்கும். தெளிந்தபின் குறுக்குக் கோடுகளோடு கிளை பிரிந்து ஓடும் இழைகள் தெரிந்தால் பூஞ்சை. தெரியவில்லை என்றால் பூஞ்சையே இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது, தவறவிடுவதும் சகஜம். சந்தேகம் தீராவிட்டால் வெட்டிய நகத்துண்டையே சாயம் ஏற்றிப் பார்க்கும் பாஸ் என்ற முறை இருக்கிறது. கல்ச்சர் போட்டால், அதாவது பூஞ்சையை லேபில் வளர்த்துப் பார்த்தால், எந்தப் பூஞ்சை என்றே தெரியும், ஆனால் அதற்கு 4 வாரம் வரை பொறுக்க வேண்டும்.

லேப்காரன் டெஸ்ட் எடு என்றுதானே சொல்வான் என்று நினைப்பீர்கள். நியாயம்தான். எங்களிடம் வரவே வேண்டாம், கோவை, பெருந்துறை, திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் ஓபிக்குப் போய்க் காட்டுங்கள். தனியாரில் பார்த்தாலும் இந்தச் சுரண்டல் டெஸ்டுக்கு ஆகிற செலவு லேசர் ஒரு சிட்டிங்குக்குப் பக்கத்தில்கூட வராது.

சரி, பூஞ்சை என்று உறுதியாகிவிட்டது. இருக்கிற வழிகளில் மாத்திரைக்குத்தான் பலன் அதிகம். வழக்கமாக எழுதப்படுவது டெர்பினஃபைன் 250 மில்லிகிராம், தினம் ஒன்று. கை நகத்துக்கு 6 வாரம், கால் நகத்துக்கு 12 வாரம். அமெரிக்காவில் அந்த மருந்தின் குறிப்புத்தாளில் அச்சாகியிருக்கும் சோதனைக் கணக்கின்படி, கால் நகத்தில் பூஞ்சை ஒழிந்தவர்கள் 70 சதவீதம். பூஞ்சையும் ஒழிந்து, நகமும் முழுக்கப் பழைய அழகுக்கு வந்தவர்கள் 38 சதவீதம். இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில் இருக்கிற ஆட்கள்தான் "மாத்திரை சாப்பிட்டும் கேக்கலீங்க" என்று வருகிறவர்கள். பல வருடம் பூஞ்சை தின்ற நகம், நோய் போனபிறகும் கொஞ்சம் கோணலாகவே வளரும்.

இன்னொரு குழப்பம் காலக் கணக்கில். கை நகம் மாதம் 3 மில்லிமீட்டர் வளர்கிறது, கால் நகம் அதில் பாதிகூட வளராது. கட்டைவிரல் நகம் அடியிலிருந்து நுனி வரை புதிதாக வர ஒரு வருடம், ஒன்றரை வருடம் ஆகும். மாத்திரை 3 மாதத்தில் முடிந்துவிடும், ஆனால் மருந்து நகத்துக்குள் மேலும் பல மாதம் தங்கி வேலை செய்யும். முடிக்கிற அன்றைக்கு நகத்தைப் பார்த்தால் பெரிய மாற்றம் தெரியாது. தெரியாததால் வேறு டாக்டர், வேறு மாத்திரை என்று அலைவார்கள். சில டாக்டர்கள் ஆரம்பிக்கும் நாளிலேயே நல்ல நகத்தின் எல்லையில் பிளேடால் மெல்லிய கீறல் ஒன்று போட்டு அனுப்புவார்கள். கீறல் முன்னால் நகர நகர அதற்குப் பின்னால் வருகிற நகம் சுத்தமாக இருந்தால் மருந்து கேட்கிறது என்று அர்த்தம். போனில் மாதம் ஒரு போட்டோ எடுத்து வைத்தாலும் போதும்.

எல்லோருக்கும் இந்த மாத்திரை ஆகாது. கல்லீரல் நோய் இருந்தால் கூடாது, சிறுநீரகம் ரொம்பப் பலவீனமாக இருந்தாலும் தவிர்ப்பார்கள். அதனால்தான் ஆரம்பிக்கும் முன் கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனை, எல்எஃப்டி, எழுதுவது. சிலருக்கு நாக்கில் ருசி போய்விடும், பெரும்பாலும் மாத்திரையை நிறுத்தியபின் திரும்பிவிடும். மாற்று என்றால் இட்ராகொனசோல். மாதத்தில் ஒரு வாரம் மட்டும், காலையிலும் இரவிலும், சாப்பாட்டோடு. கை நகத்துக்கு 2 மாதம், கால் நகத்துக்கு 3 மாதம் என்று விட்டு விட்டுக் கொடுக்கும் முறை உண்டு. இதயம் பலவீனமாக இருக்கிறவர்களுக்கு இது ஆகாது, கொழுப்பு மாத்திரைகளில் சிலவற்றோடு சேரவும் சேராது. இங்கே பலரும் டாக்டரிடம் சொல்லாமல் விடுவது கேஸ் மாத்திரையை. வயிற்றில் அமிலம் இருந்தால்தான் இட்ராகொனசோல் கேப்சூல் உடம்பில் ஏறும். காலையில் எழுந்ததும் பழக்கதோஷத்தில் கேஸ் மாத்திரை விழுங்குகிறவருக்கு, விலை கொடுத்து வாங்கின கேப்சூலில் பாதி வீணாகிவிடும்.

நெயில் பாலிஷ் மாதிரி நகத்தில் பூசும் மருந்து, லேக்கர், அடுத்த வழி. அமோரால்ஃபின் 5 சதவீதம் என்றால் வாரம் ஒரு தடவையோ இரண்டு தடவையோ, கை நகத்துக்கு 6 மாதம், கால் நகத்துக்கு 9 முதல் 12 மாதம். சைக்லோபிராக்ஸ் 8 சதவீதம் என்றால் தினமும், 48 வாரம். இந்த இரண்டாவதில் முழுசாகச் சரியானவர்கள் சோதனைகளில் 10 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. அப்படியென்றால் எதற்கு என்று கேட்டால், ஒன்றிரண்டு நகம் மட்டும், நுனிப்பக்கம் மட்டும் கெட்டு, அடிவேர் நன்றாக இருந்தால் லேக்கரே போதுமாகலாம். மாத்திரை ஆகாதவர்களுக்கும் இதுதான் கதி. மாத்திரையோடு சேர்த்துப் பூசுவதும் உண்டு. பூசும் முன் நகத்தை அரத்தால் தேய்த்து மெலிதாக்கி, ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். கெட்ட நகத்தைத் தேய்த்த அரத்தை நல்ல நகத்துக்கு எடுத்தால் பூஞ்சைக்கு நாமே பாதை போட்டுக் கொடுத்த மாதிரி.

லேசரை நான் மட்டமாகச் சொல்லவில்லை, அது விற்கப்படுகிற விதம்தான் உறுத்துகிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு நகத்துக்கான லேசர்களுக்குக் கொடுத்திருக்கும் அனுமதியே 'தெளிவான நகம் தற்காலிகமாகக் கூடுவதற்கு' என்றுதான். பூஞ்சையைக் குணமாக்கும் என்று அதில் இல்லை. வலி குறைவு, கல்லீரலுக்குத் தொந்தரவு இல்லை, மற்ற மாத்திரைகளோடு சண்டை இல்லை, எல்லாம் உண்மை. ஒரு சிட்டிங்குக்கே ஆயிரக்கணக்கில் கேட்கிற இடத்தில் "எத்தனை சிட்டிங், முடிந்தபின் டெஸ்ட் எடுத்து பூஞ்சை இல்லை என்று காட்டுவீர்களா" என்று கேட்டுப் பாருங்கள். பதில் வழுக்கினால் எழுந்து வந்துவிடலாம்.

நகத்தைப் பிடுங்கிவிட்டால் தொல்லை விட்டது என்று நினைக்கிறவர்களும் இருக்கிறார்கள். வெறுமனே பிடுங்கினால் அதே பூஞ்சையோடு அடுத்த நகம் வரும். ரொம்பத் தடித்து மருந்து உள்ளே இறங்காத நகத்துக்கு 40 சதவீத யூரியா களிம்பைப் பூசி, பிளாஸ்டர் ஒட்டி ஊறவைத்து, மெத்தென்றானபின் வழித்தெடுப்பது இப்போது நடக்கிற முறை. கத்தி, ஊசி ஒன்றும் வேண்டாம்.

அப்படியே விட்டுவிட்டால் என்ன? இளவயது, ஒரே ஒரு நகம், வலி இல்லை என்றால் விடலாம், தப்பில்லை. எங்கள் மாமா ஒருவர் மொடக்குறிச்சிப் பக்கம் மஞ்சள் காடு வைத்திருக்கிறார். வயது அறுபதுக்கு மேல், சர்க்கரை இருக்கிறது. "நகம் பாக்க அசிங்கமா இருந்தா என்ன மாப்ள, நான் என்ன பொண்ணா பாக்கப் போறேன்" என்பது அவர் கட்சி. "சக்கரைக் காலுங்க மாமா, அழகுக்குச் சொல்லலீங்க" என்று நான் கட்டைவிரலை அமுக்கிக் காட்டினேன். தடித்த நகம் செருப்பு வாரில் பட்டு அடிச்சதையை அழுத்தியதில் அங்கே கன்றிச் சிவந்திருந்தது, அவருக்கு அமுக்குவதுகூடத் தெரியவில்லை. உணர்ச்சி குறைந்த காலில் அந்தச் சிவப்புதான் பிற்பாடு புண். சர்க்கரைக்காரருக்கு நகச் சொத்தை அலங்கார விஷயமே இல்லை. அவருக்கு எல்எஃப்டி பார்த்து டெர்பினஃபைனே எழுதினார்கள், கொழுப்பு மாத்திரையும் கேஸ் மாத்திரையும் ஏற்கெனவே ஓடுவதால் இட்ராகொனசோல் பக்கமே போகவில்லை. நகத்தை அவ்வப்போது தேய்த்து மெலிதாக்கவும் சொன்னார்கள். தண்ணீர் கட்டப் போகும்போது வெறுங்கால் கூடாது என்பதைத்தான் மனிதர் கேட்கமாட்டேன் என்கிறார். பூஞ்சை திரும்பி வருவதும் நிறையவே நடக்கிறது. பழைய ஷூவையும் சாக்ஸையும் அப்படியே மாட்டிக்கொண்டால் மருந்துக்கு ஆன செலவு வீண்.

பார்லர் பெடிக்யூர் இந்தப் பட்டியலிலேயே வராது. நோய்க்கு அது ஒன்றும் செய்யாது, கருவிகளை ஒழுங்காகச் சுத்தம் செய்யாத இடமாக இருந்தால் நோயையும் கொடுத்தனுப்பும். நக ஓரத்தோலை வெட்டித் தள்ளுவதைக் கண்டிப்பாக வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்தத் தோல்தான் நகவேருக்குக் காவல். அது போனால் நகச்சுத்தி. விண்ணென்று தெறித்து, சீழ் கட்டி வருகிற நகச்சுத்திக்கு எலுமிச்சம்பழத்தைச் செருகிக்கொள்வது நம் வழக்கம், கொஞ்சம் இதமாக இருக்கும், அவ்வளவுதான். சீழ் கட்டிவிட்டால் டாக்டர் கீறி வெளியேற்றினால்தான் அன்றைக்கே வலி இறங்கும். திருப்பூர் சாயப்பட்டறையிலோ மெஸ்ஸிலோ நாள் முழுக்கத் தண்ணீரில் கை வைக்கிறவர்களுக்கு மாதக்கணக்கில் நக ஓரம் வீங்கியே இருக்குமே, அது வேறு. அதற்குப் பூஞ்சை மருந்தைவிட, கையைக் காயவைப்பதும், துணிக் கையுறைக்கு மேல் ரப்பர் கையுறையும், டாக்டர் பார்த்துக் கொடுக்கும் லேசான ஸ்டீராய்டு களிம்பும்தான் அதிகம் கேட்கிறது.

அதே ஸ்டீராய்டு படர்தாமரைக்குப் போனால் கதையே வேறு. பனியன் கம்பெனிச் சூட்டில், இறுக்கமான ஜீன்ஸுக்குள், இடுப்பிலும் தொடை இடுக்கிலும் வட்டம் வட்டமாக வருகிறது. மெடிக்கலில் கேட்டால் பூஞ்சை மருந்து, பாக்டீரியா மருந்து, ஸ்டீராய்டு மூன்றும் கலந்த ட்யூப் ஒன்று வரும். இரண்டு நாளில் அரிப்பு நிற்கும், சிவப்பு மங்கும், அதனால்தான் அதற்கு இவ்வளவு கிராக்கி. அடங்கினது தோலின் எதிர்ப்பு மட்டும். அப்படிப் பூசிக்கொண்டு வருகிறவர்களின் செதிலை எடுத்துப் பார்த்தால் ஸ்லைடு முழுக்கப் பூஞ்சை இழை, தேடவே வேண்டியதில்லை. நாளாக நாளாகத் தோல் மெலிந்து, தொடையில் பிரசவத் தழும்பு மாதிரி வரி விழும். அந்த வரி போகாது. 2018-லேயே ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்று மத்திய அரசு பட்டியலில் சேர்த்துவிட்டது. கடையில் போய்க் கேட்டுப் பாருங்கள், தெரியும்.

பூஞ்சையும் முன்போல் இல்லை. டிரைக்கோஃபைட்டான் இண்டோடினியே என்று 2020-ல் பெயர் வைத்த ஒரு வகை இந்தியாவில் பரவலாக இருக்கிறது, அதில் பல டெர்பினஃபைனுக்கு மசிவதில்லை. இரண்டு வாரத்தில் போய்க்கொண்டிருந்த படர்தாமரை இப்போது இரண்டு மாதம் இழுப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஆக, படர்தாமரைக்கு ஸ்டீராய்டு கலக்காத பூஞ்சைக் களிம்பு, தேவைப்பட்டால் டாக்டர் சொல்லும் மாத்திரை, வட்டத்துக்கு வெளியேயும் இரண்டு விரற்கடை சேர்த்துப் பூசுவது, தோல் தெளிந்தபின்னும் இரண்டு வாரம் விடாமல் பூசுவது என்பதுதான் வழி. வீட்டில் இன்னொருவருக்கு இருந்தால் அவருக்கும் சேர்த்து வைத்தியம். துண்டு ஆளுக்கு ஒன்று. உள்ளாடையை உள்பக்கம் வெளியே திருப்பி வெயிலில் காயப்போட வேண்டும், வெயிலுக்கு நம் ஊரில் பஞ்சமா?

மருவுக்கு வருவோம், சீக்கிரம் முடித்துவிடலாம். சுண்ணாம்பும் சோடா உப்பும் குழைத்து வைப்பதை மட்டும் விட்டுவிடுங்கள், மருவோடு சுற்றுத்தோலும் வெந்து தழும்பாகும். சாலிசிலிக் அமிலப் பூச்சு மலிவு, வீட்டிலேயே போடலாம், 3 மாதம் பொறுமை வேண்டும். திரவ நைட்ரஜனால் உறையவைப்பது இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை. பலனில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. காட்டரியில் சுட்டெடுத்தால் அன்றைக்கே போகும், தழும்புக்கு வாய்ப்பும் அதில்தான் அதிகம். குழந்தைகளுக்கு வரும் மருவில் மூன்றில் இரண்டு பங்கு இரண்டு வருடத்தில் தானாகவே போய்விடும். கோவிலில் உப்பும் மிளகும் போட்டதும் மரு உதிர்ந்தது என்று எங்கள் அமுச்சி, அதாவது பாட்டி, சொன்னதை நான் மறுத்துப் பேசியதே இல்லை. எந்த வைத்தியத்தையும்விடப் பக்கவிளைவு குறைவு அதில். ஆனால் சர்க்கரைக்காரர்கள் கால் ஆணிக்கோ மருவுக்கோ தாங்களே அமிலப் பட்டை ஒட்டிக்கொள்ளவே கூடாது.

முகத்தில் மங்குதான் கல்யாணத் தேதியோடு வருகிற கேஸ். முகூர்த்தத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது தோலின் மேல்படலத்தை ரசாயனம் வைத்து உரிக்கும் பீல் எடுக்கலாமா, லேசர் பண்ணலாமா என்று. மங்கு வெயிலாலும், கர்ப்பத்தாலும், கருத்தடை மாத்திரையாலும் கிளறப்படுவது, போனாலும் திரும்பி வருகிற குணம் அதற்கு. சன்ஸ்கிரீன் இல்லாமல் மற்ற எதைச் செய்தாலும் பலன் நிற்காது. அதிலும் இரும்பு ஆக்சைடு சேர்த்த, தோல் நிறத்திலேயே இருக்கும் வகை நல்லது, கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமும் மங்கை ஏற்றும் என்பதால். ஸ்கூட்டரில் பொள்ளாச்சிக்கும் உடுமலைக்கும் போய்வருகிறவர்கள் வீட்டை விட்டுக் கிளம்பும்போது ஒரு தடவை பூசிவிட்டு மாலை வரை இருந்துவிட்டால் பத்தாது.

ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், ஸ்டீராய்டு மூன்றும் சேர்ந்த க்ரீம் கேட்கும், டாக்டர் பார்வையில் 8 வாரம் வரை. ஃபேர்னஸ் க்ரீம் போல வருடக்கணக்கில் பூசினால் முகம் சிவந்து, பருவும் முடியும் கிளம்பும், ஹைட்ரோகுவினோனே நீலக்கறுப்புத் திட்டாகப் படிவதும் உண்டு. டிரானெக்சாமிக் அமில மாத்திரை சிலருக்கு நன்றாக வேலை செய்கிறது. ரத்தம் உறையும் தொந்தரவு இருந்தவர்களுக்கும் கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கும் அது ஆகாது. பீலும் லேசரும் என் பார்வையில் கடைசி வரிசை. நம் நிறத் தோல் சூடுபட்டால் கறுத்துத்தான் பழிவாங்கும், அந்தக் கறுப்பு முகூர்த்தத்தன்று வந்து நிற்கக்கூடும். தேதி நெருங்கிவிட்டால் மேக்கப் போடுகிறவரை நம்புவது புத்திசாலித்தனம், வைத்தியத்தைக் கல்யாணம் முடிந்து ஆரம்பிக்கலாம். நிறம் ஏற்ற குளுட்டாத்தயோன் ஊசி என்று யாராவது விலை சொன்னால், நம் நாட்டில் அதற்கு அந்த வேலைக்கான அனுமதி இல்லை என்பது தெரிந்திருக்கட்டும்.

டாக்டரிடம் போகிற அன்று இதுவரை பூசின ட்யூப்கள் எல்லாவற்றையும், காலியானதையும் சேர்த்து, ஒரு கவரில் போட்டு எடுத்துப் போங்கள். "வெள்ளையா ஒரு மருந்துங்க" என்றால் யாருக்கும் ஒன்றும் புரியாது. வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரை அட்டைகளையும் கூடவே வையுங்கள், கேஸ் மாத்திரை உட்பட. நகம் சுரண்டக் கொடுப்பதாக இருந்தால் நெயில் பாலிஷைச் சுத்தமாக அழித்துவிட்டு வாருங்கள். பூஞ்சைக் களிம்பு பூசிக்கொண்டிருந்தால் அதை எத்தனை நாள் முன்னால் நிறுத்துவது என்று சீட்டு எழுதும்போதே கேட்டுவிடுங்கள். நகத்தை மட்டும் ஒட்ட வெட்டிக்கொண்டு வந்துவிடாதீர்கள், சுரண்ட எங்களுக்கும் கொஞ்சம் வேண்டுமே.